சலரோகமும் ஆடுகளமும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதி விடுக்குமாறு மலர்க்குழுவினர் எமக்குக் கடிதம் வரைந்தபொழுது, பழைய மாணவன் பழைய நினைவுகளை எழுதுதலே மரபென்பதை யாம் உணராமலில்லை. ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும், விடுதிச் சோற்றைப் பற்றியும், மைதானத்து வேப்பமர நிழலைப் பற்றியும் எம்மினும் நயமாக எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர். ஆதலின் யாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். விளையாட்டையே சீவனோபாயமாகக் கொண்ட ஒருவனுக்குச் சலரோகம் வந்துற்றால் அவன் என் செய்வது என்பதே அப்பொருள். இஃது ஒரு வைத்தியர் எழுதவேண்டியதன்றோ என அன்பர் சிலர் வினவலாம். யாம் வைத்தியர் அல்லேம். இருபது ஆண்டுகளாக அந்நோயுடன் குடித்தனம் நடத்தி வருகின்றேம். எமக்குள்ள தகுதி அவ்வளவே.

நூல்வழக்கில் நீரிழிவென்றும் மதுமேகமென்றும், எம்மவர் பேச்சில் சலரோகமென்றும், அடுக்களையிற் சீனி வருத்தமென்றும் வழங்கும் இந்நோய், யாம் மாணவராயிருந்த 1960களில் முதியோர்க்கே உரியதொன்றாக எண்ணப்பட்டது. பெரியவர் ஒருவர் தேநீரிற் சீனி வேண்டாவென்றால் அவர் பேரப்பிள்ளை கண்டவர் என்று பொருள். எம் வகுப்புத் தோழர் ஒருவர் உதைபந்தாட்டத்தில் இடப்பக்க முன்வரிசையில் ஆடியவர். அவர் பந்தோடு புறப்பட்டால் எதிரணிப் பின்காவலர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்பரேயன்றி வேறொன்றுஞ் செய்ய அறியார். அவருக்கு நாற்பது வயதிற் சலரோகம் கண்டது. “வருத்தக்காரன் ஓடக்கூடாது” என்று உற்றார் உறவினர் கூடித் தீர்ப்பளித்தனர். அவரும் சப்பாத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். மாலைதோறும் கதிரையில் அமர்ந்தார். பதினைந்து ஆண்டு சென்றபின் ஆறாத புண்ணொன்றால் அந்த இடக்காலையே முழங்காலுக்குக் கீழ் எடுத்துவிட்டனர். வைத்தியசாலையில் அவரைக் கண்டு திரும்பிய நாளை யாம் மறந்தேமல்லேம். அவர் ஓடிக்கொண்டிருந்திருந்தால் கால் தப்பியிருக்குமென்று சொல்லத் துணியோம். ஆயினும் உறவினர் கூடியளிக்கும் தீர்ப்புகளில் அன்று முதல் எமக்கு நம்பிக்கை குறைந்தது.

யாம் இப்பொழுது வாழ்வது கடுகண்ணாவையில். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் அன்பர்கள் இவ்வூரை அறிவர். மலையைக் குடைந்த கற்குகையும், 1832 இல் எழுப்பப்பட்ட டோசன் கோபுரமும், புகையிரத வண்டியிலிருந்து நோக்குவார்க்குத் தூரத்தே நூல் வடிவாய்த் தோன்றும் பைபிள் பாறையும் இவ்வூர்க் கணவாயின் அடையாளங்கள். அண்மையில், 2014 இல், புகையிரத நூதனசாலை ஒன்றும் இங்கே திறக்கப்பட்டது. உத்தியோகம் எம்மை இவ்விடத்திற் கொண்டுவந்து சேர்த்தது. ஓய்வு பெற்ற பின்னும் போக மனம் வரவில்லை. காலையிற் கணவாய் வீதியில் நடக்கும் நடையே எமக்கு மருந்திற் பாதி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எம் தங்கையின் மகன் இங்கே வந்து சில வாரம் தங்கினான். கரப்பந்தாட்ட வீரன், அப்பொழுது வயது இருபத்தொன்பது. அவன் உத்தியோகமே அவ்வணிக்கு ஆடுதல்தான். ஆடினாற் சம்பளம், ஆடாவிடின் வேறு வேலை தேடவேண்டியதுதான். ஆறடிக்கு மேல் உயரம், ஓர் அவுன்சு கொழுப்புக் காண முடியாத உடம்பு. அவனுக்குத்தான் இரண்டாம் வகைச் சலரோகம். ஆண்டுதோறும் நடக்கும் உடற் பரிசோதனையிற் பிடிபட்டது. தங்கை தொலைபேசியில் அழுதாள். “அண்ணை, பிள்ளை ஒரு நாளும் சும்மா இருந்தவன் இல்லையே. அவனுக்கு எப்பிடி வந்தது?” என்பதே அவள் கேள்வி.

அக்கேள்விக்கு விடை கூறவேண்டின் நோயின் இயல்பைச் சிறிது சொல்லல் வேண்டும். 1921 இல் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவரும் இன்சுலினைக் கண்டனர். அடுத்த ஆண்டு அது நோயாளிக்கு ஏற்றப்பட்டது. எல்லா நோயாளரும் அம்மருந்துக்கு ஒரே வண்ணம் இணங்குவதில்லையென்பதை 1936 இல் ஹிம்ஸ்வோர்த் என்னும் ஆங்கில வைத்தியர் எடுத்துக் காட்டினார். கணையம் இன்சுலின் சுரத்தலையே நிறுத்திவிடுவது முதலாம் வகை. இன்சுலின் இருந்தும் உடம்பு அதன் சொற் கேளாமையும், நாளடைவிற் கணையமும் களைத்துப் போதலும் இரண்டாம் வகை. பருத்த உடம்பும் உழைப்பின்மையும் இரண்டாம் வகையை வருவிக்கும் என்பது மெய்யே. ஆனால் அவை மட்டுமே காரணமல்ல. குடும்ப வழி வலியது. எம்மவர்க்கோ, தெற்காசியர் அனைவர்க்குமோ, ஐரோப்பியரினும் இளவயதிலும் மெலிந்த உடம்பிலும் இது வருகின்றது. பிள்ளையின் தந்தை வழிப் பாட்டனாருக்கும் தாய் வழிப் பாட்டிக்கும் இருந்தது. மாமனாகிய எமக்கும் உண்டு. ஓடியும் தாவியும் திரிந்ததால் நோய் சில ஆண்டு பிந்தி வந்திருக்கலாம். வாராமலே போகும் என்பதற்கு எவரும் பிணை நிற்கவில்லை.

பிள்ளை வந்த மறுநாளே கேட்டான்: “மாமா, நான் விளையாடலாமோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ.” அவன் ஆடும் கழகத்தில் “ஓய்வெடு, பிறகு பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பியிருந்தனர். ஓய்வு என்னும் சொல் விளையாட்டு வீரன் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை யாம் விளக்கவேண்டியதில்லை.

அவன் தானே ஒரு விரதம் பூண்டிருந்தான். சோறு ஒரு பிடி, பழம் இல்லை, இடியப்பம் இரண்டு, குரக்கன் பிட்டு ஒரு கைப்பிடி. குளிசை மட்டும் எழுதித் தந்த அளவு முழுமையும். அவ்வயிற்றோடு காலையிற் கணவாய் வீதியில் இறங்கி ஓடி, மீண்டும் மேலேறி ஓடி வந்தான். நான்காம் நாள், கோபுரத்துக்கு இப்பால் யாம் நடந்துகொண்டிருக்க, எதிரே ஏறிவந்தவன் வீதியோரக் கல்லில் அமர்ந்துவிட்டான். மலைக்குளிரில் உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்குகின்றது, கேட்ட கேள்விக்கு மறுமொழி வேறெங்கோ போகின்றது. எம் சட்டைப்பையில் இருந்த கருவியில் ஒரு துளி இரத்தம் வைத்துப் பார்த்தோம்: 58. எழுபதுக்குக் கீழிறங்கினால் தாழ்வு என்பது கணக்கு. அருகிலிருந்த தேநீர்க்கடைச் சிங்கள அம்மையார் பார்த்த மாத்திரத்தே நிலைமையை உணர்ந்து, மூன்று கரண்டி சீனியிட்ட பிளேன்ரீயைக் கையில் தந்தார். கால் மணி நேரத்திற் பிள்ளை பிள்ளையானான். அவ்வம்மையாரின் கணவருக்கும் அதே வருத்தமாம்.

(இடையில் ஒன்று. கித்துல் கருப்பட்டி சலரோகக்காரர்க்குத் தீங்கு செய்யாதென்னும் நம்பிக்கை இம்மலைநாட்டில் வேரூன்றிக் கிடக்கின்றது. பனங்கட்டியைப் பற்றி வடக்கிலும் அவ்வாறே. கருப்பட்டியும் சீனியே. நடுங்கும் கையனுக்கு அது மருந்தாகலாம். நாள்தோறும் கடித்துக் குடிப்பவனுக்கு ஆகாது. இதை எழுதியதற்காக ஊரில் எம்மீது சிலர் முகஞ் சுளிக்கக்கூடும்.)

அன்று மாலை முற்றத்தில் அமர்ந்து பிள்ளைக்கு யாம் ஸ்டீவ் ரெட்கிரேவின் வரலாற்றைக் கூறினோம். 1962 இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள மார்லோ என்னும் ஊரிற் பிறந்த ஆங்கிலேயர், படகு வலிப்பவர். 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ், 1988 இல் சோல், 1992 இல் பார்சலோனா, 1996 இல் அத்லாந்தா என நான்கு ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கம் வென்றார். நான்காவதை வென்ற உடனே, இனித் தம்மைப் படகருகே காண்பவர் சுட்டுவிடலாமென்று வேடிக்கையாகச் சொன்னார்; சில மாதத்தில் மீண்டும் படகேறினார். 1992 முதல் அவரைப் பெருங்குடல் அழற்சி வருத்தி வந்தது. அதனோடு 1997 நவம்பரில், முப்பத்தைந்தாம் வயதில், இரண்டாம் வகைச் சலரோகமும் கண்டது. தணியாத தாகமே முதற் குறி. தம் படகோட்ட வாழ்வு அன்றோடு முடிந்ததென்றே அவர் எண்ணினார். அவரைப் பார்த்த நிபுணரோ அவ்வாறு எண்ணவில்லை.

இனி வருவதே பிள்ளை அறியவேண்டியதாயிருந்தது. நோயாளர்க்கு வழக்கமாகக் கூறும் பத்தியத்தையே முதலில் அவரும் கைக்கொண்டார், சீனியை நீக்கினார். பலன்? துடுப்பிற் பலமில்லை, பயிற்சியில் தோழருக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 6000 கலோரி எரிக்கும் உடம்பு அது. எம்போன்ற ஓய்வூதியக்காரர் மூவர் நால்வர் உண்பதை அவர் ஒருவரே உண்ணவேண்டும். ஆகவே வைத்தியரும் அவரும் கணக்கைத் தலைகீழாக மாற்றினர். உணவு முன்போல் நிறைய. அவ்வுணவுக்கும் அன்றைய பயிற்சிக்கும் ஏற்ப இன்சுலின். நாளிற் பல முறை விரலிற் குத்திப் பரிசோதனை. நோய்க்கு ஏற்ப உழைப்பைக் குறைக்கவில்லை. உழைப்புக்கு ஏற்ப மருந்தை அமைத்தனர்.

இந்த வேற்றுமையை விளக்க எமக்கு அயலிலேயே ஓர் உவமை கிடைத்தது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் புகையிரதப் பாதை மிகச் செங்குத்தானது; ஏறத்தாழ நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி உயரும். நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் முன்னாலிருந்த எஞ்சின் ஒன்றினால் மட்டும் வண்டியை மேலேற்ற முடியாது. அதற்காகப் பெட்டிகளைக் கழற்றிப் பிரயாணிகளை ரம்புக்கனையில் இறக்கிவிடவில்லை. பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளினர். “உன் பெட்டிகளை நீயே கழற்றிவிட்டாய், தம்பி” என்றோம். அவன் சிரித்தான், வந்த நாள் முதல் அன்றுதான் சிரித்தான்.

ரெட்கிரேவின் கதை சிட்னியில் முடிகின்றது. 2000 செப்டம்பர் 23 ஆம் நாள், சுக்கான் பிடிப்பாரின்றி நால்வர் வலிக்கும் படகில் பின்சென்ற், கிராக்னெல், ஃபொஸ்ரர் என்னும் மூவருடன் அமர்ந்து 2000 மீற்றரை வலித்தார். இறுதியில் இத்தாலியர் நெருங்கி நெருங்கி வந்தனர். வென்றது ஒரு செக்கனின் நூற்றில் முப்பத்தெட்டுப் பங்கால். வயது முப்பத்தெட்டு, ஐந்தாம் தங்கம், சலரோகம் கண்டு மூன்றாண்டு நிறையவில்லை. அடுத்த ஆண்டு ஆங்கில அரசு அவருக்குச் சேர் பட்டம் அளித்தது.

பிள்ளை சிறிது நேரம் பேசாதிருந்து, “அவர் வெள்ளைக்காரர், மாமா. அவருக்கு எல்லா வசதியும் இருந்திருக்கும்” என்றான். நியாயமான சொல். அதற்கு யாம் வசீம் அக்ரமைக் காட்டினோம். எம் ஊரார் அவரை எளிதில் மறவார். 1994 ஆகஸ்டில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் அவரும் வக்கார் யூனிசும் பத்து விக்கெற்றையும் தம்முட் பங்கிட்டுக்கொண்டு இலங்கையை 71 ஓட்டத்தில் வீழ்த்தியதை நேரிற் கண்ட துர்ப்பாக்கியசாலிகளுள் யாமும் ஒருவர். அவருக்கு 1997 இல், முப்பதாம் வயதில், இன்சுலின் இன்றி வாழ முடியாத முதலாம் வகை வந்தது. வகை வேறு; ஆயினும் களத்தில் நிற்பவனுக்கு இடர் ஒன்றே. அதன் பின்னரே, 1999 சனவரியில் அவர் தலைமை தாங்கிய பாகிஸ்தான் அணி சென்னையில் இந்தியாவைப் பன்னிரண்டு ஓட்டத்தால் வென்றது. சேப்பாக்கத்து மக்கள் தம் அணி தோற்ற துயரையும் மறந்து எழுந்து நின்று கைதட்டினர். அதே ஆண்டு மார்ச்சில் லாகூரிலும் டாக்காவிலும் அடுத்தடுத்த டெஸ்ற் ஆட்டங்களில் மும்முறைத் தொடர் வீழ்த்தல் இரண்டு செய்தார். இரண்டும் இலங்கைக்கு எதிராகவே என்பதை எழுதும்பொழுது எம் கை சற்றே தயங்குகின்றது. 414 டெஸ்ற் விக்கெற்றுடனும் ஒருநாள் ஆட்டங்களில் 502 விக்கெற்றுடனும் அவர் ஓய்ந்தார்.

ஆயினும் பெரியோர் கதை கேட்டதனால் மட்டும் இரத்தத்திற் சீனி இறங்காது. அடுத்த வாரம் பிள்ளையைக் கண்டியில் ஒரு நிபுணரிடம் அழைத்துச் சென்றோம். அவர் முதலிற் கேட்டது “என்ன சாப்பிடுகின்றீர்?” என்பதன்று, “எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் பயிற்சி?” என்பதே. அக்கேள்வியிலேயே எமக்கு ஆறுதல் பிறந்தது. தாழ்வை வருவிக்கும் குளிசையை நீக்கி, மற்றைக் குளிசையை நிறுத்திக்கொண்டு, இரவில் சிறிதளவு இன்சுலின் எழுதினார். பின் ஒரு கடதாசியிற் படம் வரைந்து அவர் விளக்கியவற்றை எமக்கு விளங்கிய அளவில் இங்கே தருகின்றோம்.

தசை உழைக்கும்பொழுது இன்சுலினின் அனுமதிக்குக் காத்திராமலே இரத்தத்துச் சீனியை உள்ளிழுக்கும். உழைப்பு நின்ற பின்னரும் ஒரு நாள் வரை அத்தசை இன்சுலினுக்கு எளிதில் இணங்கும். ஆதலின் மாலைப் பயிற்சியின் பயன் நள்ளிரவிலே தாழ்வாக வந்து கதவைத் தட்டக்கூடும். படுக்குமுன் பார்த்துக்கொள்ளல் வேண்டும். இதற்கு மாறாகப் போட்டி நாளிற் சீனி உயரும். அன்று எதிரியைக் கண்ட கிளர்ச்சியில் அட்ரினலின் சுரக்க, ஈரல் தன் களஞ்சியத்தைத் திறந்துவிடுகின்றது. பயிற்சி நாளில் 120 காட்டும் கருவி போட்டி நாளில் 190 காட்டினால், உடனே மருந்தைக் கூட்டலாகாது. ஆட்டம் முடிய அது தானே சரிந்து, கூட்டிய மருந்தோடு சேர்ந்து ஆளையும் சரித்துவிடும். தாழ்வு கண்டால் பதினைந்து கிராம் குளுக்கோசு உண்டு, பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் பார்த்தல் வேண்டும். பையில் அஃது எப்பொழுதும் இருத்தல் வேண்டும். உடன் ஆடுவோருள் ஒருவரேனும் அதை அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாகச் சொன்னதைக் கட்டாயம் எழுதவேண்டும். கால். நரம்பு மரத்துப்போன காலுக்குச் சப்பாத்துக் கடித்த கொப்புளம் தெரியாது. எழும்பிக் குதித்து இறங்கும் கரப்பந்தாட்டக்காரன் நாள்தோறும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாற் பார்க்கவேண்டும். எட்டாவிடிற் கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். அவர் இதைச் சொல்லும்பொழுது யாம் யாரை நினைத்தோம் என்பதை எம் வகுப்பினர் அறிவர்.

பிள்ளைக்கு இன்னோர் அச்சமும் இருந்தது. இன்சுலின் தடை செய்யப்பட்ட மருந்து. நோயற்றோர் அதைத் தசை வளர்க்கப் பயன்படுத்தத் தலைப்பட்டமையால் 1998 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் பட்டியலில் இன்றும் அஃதுண்டு. நோயுள்ள வீரர், வைத்தியர் சான்றும் பரிசோதனை விவரமும் இணைத்து விண்ணப்பித்துச் சிகிச்சைக்கான விலக்கு அனுமதி பெறலாம். “கள்ளன் எண்டு நினைப்பினமோ, மாமா?” என்று கேட்டான். இதற்குத்தான் யாம் பயன்பட்டோம். முப்பது ஆண்டு காரியாலயத்திற் படிவம் நிரப்பிய கை இது. வைத்தியர் கடிதம், இரத்தப் பரிசோதனைத் தாள், மருந்தின் பெயர், அளவு, வேளை என ஒன்றும் விடாமற் கோவையாக்கி, ஒவ்வொன்றிலும் மும்மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தோம். அனுமதி வந்தது. சலரோகம் ஒளித்து வைக்கவேண்டிய குற்றம் என்று எண்ணும் வீரர் இந்நாட்டில் இன்னும் உளர். ஒளித்தவன் தாழ்வு வந்து தடுமாறும்பொழுது, பார்த்திருப்போர் அவனைக் குடிகாரன் என்பர். சொல்லியிருந்தாற் குளுக்கோசு கொடுத்திருப்பர்.

கழகத்தார் அவனை உடனே ஏற்றுக்கொண்டனரென்று எழுத எமக்கும் விருப்பந்தான். அவ்வாறு நடக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் மேலதிக வீரர் வாங்கிலே இருத்தினர். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வந்தான். அக்கொப்பியைத்தான் ஒரு நாள் பயிற்றுநர் மேசையில் வைத்தானாம். சென்ற ஆண்டு மீண்டும் முதல் அறுவருள் நின்றான். எத்தனை ஆண்டு நிற்பான் என்பது வேறு. முப்பத்திரண்டு வயதில் நோயற்ற கரப்பந்தாட்டக்காரனுக்கும் முழங்கால் கணக்குக் கேட்கத் தொடங்கும்.

ஆட்டம் உள்ள நாட்களில் இரவு எம்மோடு கைப்பேசியிற் பேசுவான்; இருவரும் எண்களைப் பரிமாறிக்கொள்வோம். எம் எண்ணே பெரும்பாலும் பெரிதாயிருப்பது பற்றி அவன் கேலி செய்வதுமுண்டு. இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கையில் நேற்றிரவும் அழைத்தான். “மாமா, துவங்க முதல் 184, முடிய 126. இடையிலை ஒரு வாழைப்பழம்.” ஆட்டம் என்னாயிற்று என்றோம். ஐந்தாவது சுற்று வரை போய்த் தோற்றுவிட்டார்களாம்; நடுவர்மேற் கடுங்கோபத்தில் இருந்தான்.